ஒரு தொட்டி, இரண்டு தரை: டிராப்-ஆஃப் கடல்மீன் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பவளத்திட்டின் மேல் இடுப்பளவு நீரில் முகமூடி போட்டுக்கொண்டு மிதந்து போகிறவருக்கு, ஓர் இடத்தில் காலடியில் தரை இல்லாமல் போகும். அதுவரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பவளம் செங்குத்தாக இறங்கி நீலத்துக்குள் மறைந்துவிடும். செங்கடலின் ராஸ் முகமது முனையும் பலாவ் தீவுகளின் ஙெமெலிஸ் சுவரும் இதற்குப் பேர்போன இடங்கள். அந்த விளிம்பில்தான் ஆந்தியஸ் என்னும் சிறு மீன்களின் கூட்டம் நீரோட்டத்துக்கு முகம் காட்டி நின்று, மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். மேலே வெயில், கீழே நிழல், நடுவில் மீன். இந்தக் காட்சியை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசைதான் டிராப்-ஆஃப் தொட்டி. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு படிக்கட்டு மாதிரி இருக்கும். பின்பாதி ஆழம் குறைந்த மேடை, முன்பாதி ஸ்டாண்டின் முகப்பைத் தாண்டிக் கீழே இறங்கும் ஆழ்பகுதி. இரண்டிலும் ஒரே நீர்.

நான் கட்டிய தொட்டி முதல் நீர்ச்சோதனையில் கசிந்தது. பிரித்து மறுபடி ஒட்டி, தாங்குதளத்தை அடியோடு மாற்றிய பிறகு ஒன்றரை வருடமாகச் சொட்டு நீர் வெளியே வரவில்லை. முதல்முறை எது தவறியது, இரண்டாம்முறை எது மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணாடித் தடிமனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கவிழ்த்தது கண்ணாடி அல்ல, ஸ்டாண்ட்.

அளவுகள்

நீளம் 120 செ.மீ. மேடைப் பகுதி முன்பின்னாக 50 செ.மீ., நீர் உயரம் 30 செ.மீ. ஆழ்பகுதி முன்பின்னாக 40 செ.மீ., நீர் உயரம் 75 செ.மீ. ஆக, மேடையில் 180 லிட்டர், ஆழ்பகுதியில் 360 லிட்டர், மொத்தம் 540 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் நீர் மட்டும் 553 கிலோ. கண்ணாடி ஏறக்குறைய 160 கிலோ. கல்லும் மணலும் தனி.

ஆழ்பகுதிக்கு முதலில் 30 செ.மீ. போதும் என்றுதான் நினைத்தேன். 40 ஆக்கியதற்குக் காரணம் ஒளிவிலகல். நேர் எதிரே நின்று பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் நீரில் இருக்கும் தூரம் முக்கால்வாசியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். 30 செ.மீ. பள்ளம் 22 ஆகச் சுருங்கி, சுவரில் மாட்டிய படம்போல் தட்டையாகிவிடும். பாறையை அடுக்கிய பிறகு இன்னும் குறையும். இடம் கொஞ்சம் போனாலும் ஆழ்பகுதியின் முன்பின் அகலத்தில் கை வைக்காதீர்கள். டிராப்-ஆஃப் கட்டுவதன் பலனே அதில்தான் இருக்கிறது.

முன்கண்ணாடியின் மீது நீர் செலுத்தும் விசை சுமார் 346 கிலோ எடைக்குச் சமம். கடலில் இதே 75 செ.மீ. ஆழத்தில் கண்ணாடி வைத்தாலும் அழுத்தம் இதுதான். தொட்டி எவ்வளவு பெரியது என்பதை நீர் பார்ப்பதில்லை, உயரத்தை மட்டும்தான் பார்க்கும். தொட்டி கட்டுகிறவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில், பாதுகாப்புக் காரணி (ஏறும் சுமையைப்போல் எத்தனை மடங்கு தாங்கும் என்பது) 3.8 வைத்தால், இந்த நீளத்துக்கும் உயரத்துக்கும் 15 மி.மீ. தடிமன் வருகிறது. சரியாக எல்லைக்கோட்டில். கடையில் அடுத்த தடிமன் 19 மி.மீ. முன்பக்கத்துக்கு மட்டும் அதை எடுத்தேன். தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பத் தகைவு, அதாவது கண்ணாடிக்குள் ஏறும் விசை, குறைவதால் காரணி 6-ஐத் தாண்டியது. மற்ற எல்லாம் 15 மி.மீ. முன்பக்கம் இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் 19 மி.மீ. போட்டால் பச்சை ஏறி வெள்ளை மணலும் பாசி படிந்ததுபோல் தெரியும்.

வாங்குவதா, கட்டுவதா

தயாராக விற்கும் டிராப்-ஆஃப் தொட்டிகள் பெரும்பாலும் சிறியவை. பெரிதாக வேண்டுமென்றால் சொல்லித்தான் செய்ய வேண்டும். அக்ரிலிக்கில் செய்யலாமா என்று முதலில் யோசித்தேன். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, பசை போட்ட இணைப்பு தெரியாது, வளைவான விளிம்பும் கிடைக்கும். ஆனால் மணல் ஒரு துகள் காந்தத் துடைப்பானில் மாட்டினால் போதும், கீறல் விழுந்துவிடும். பவளத் தொட்டியில் சுண்ணப்பாசியைச் சுரண்டுவது வாராந்தர வேலை. அதனால் கண்ணாடிதான் என்று முடிவானது.

வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். கண்ணாடி வெட்டி ஓரம் பாலிஷ் செய்தது ஒரு பட்டறை. ஒட்டியது பல வருட அனுபவமுள்ள தொட்டிக்காரர். பாக்ஸ் பைப்பில் ஸ்டாண்ட் செய்தது ஒரு வெல்டர். மூவருமே தங்கள் தங்கள் வேலையை நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் தொட்டிக்காரர் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை, வெல்டர் தொட்டியைப் பார்க்கவில்லை. இருவரிடமும் இருந்தது நான் வரைந்து கொடுத்த "படி உயரம் 450 மி.மீ." என்ற ஒற்றை எண். சாதாரணத் தொட்டிக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரும். அடித்தளம் ஒன்றுதான், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் முடிந்தது. டிராப்-ஆஃபில் தொட்டி ஒரே நேரத்தில் இரண்டு தரைகளில் உட்காருகிறது. அந்த இரண்டு தரைக்கும் இடையிலான உயரம் தொட்டியிலும் ஸ்டாண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உள்மூலை

மேடைத்தளக் கண்ணாடியின் முன்விளிம்பும், ஆழ்பகுதியின் பின்சுவரும் சேரும் இடத்தை உள்மூலை என்று சொல்கிறேன். மற்ற மூலைகளில் நீர் உள்ளிருந்து இரண்டு கண்ணாடிகளையும் பிரிக்கப் பார்க்கும். இங்கே நிலைமை வேறு. நீர் மேடைத்தளத்தைக் கீழேயும் சுவரைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. மேடைத்தளத்தைச் சுவரின் மேல்விளிம்பு மீது உட்கார வைத்து ஒட்டினால், நீரின் எடையே அந்த இணைப்பை அழுத்திப் பிடிக்கும். கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கான் பசைக்கு இது சாதகமான நிலை. நாங்கள் அப்படித்தான் ஒட்டினோம்.

ஆனால் இந்தச் சாதகம் ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கிறது. ஆழ்பகுதி கீழே இறங்காமல் இருக்க வேண்டும். மேடை தன் இடத்தில் நிற்க, ஆழ்பகுதி ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் சுவர் தளத்தை விட்டுக் கழன்று இழுக்கும். அழுத்தத்தில் இருந்த இணைப்பு இழுவிசைக்கு மாறிவிடும்.

பக்கக் கண்ணாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படி வடிவத்தில் ஒரே துண்டாக வெட்டினால் பார்க்க அழகு, வலுவும் அதிகம். ஆனால் கண்ணாடியில் உள்நோக்கிய கூர்மூலை இருக்கவே கூடாது. தகைவு அங்கேதான் குவியும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். வாட்டர்ஜெட் எனும் நீர்த்தாரையில் வெட்டி, கண்ணாடித் தடிமனுக்குக் குறையாத ஆரத்தில் வளைவு விட வேண்டும். வளைவு விட்டால் தளமும் சுவரும் சேரும் சதுர மூலை அதோடு பொருந்தாமல் இடைவெளி விழும். அதனால் ஆழ்பகுதிக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு துண்டுகளாக வைத்து நெடுக்குவாட்டில் ஒட்டினோம். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இன்று மறுபடி கட்டினாலும் இப்படியே செய்வேன். தரைகள் ஒத்துப்போகாவிட்டால் சிலிக்கான் கசிந்து எச்சரிக்கும். ஒற்றைக் கண்ணாடி எச்சரிக்காது, பிளந்துவிடும்.

முதல் நீர்ச்சோதனை

ஒட்டி மூன்று வாரம் காயவிட்டோம். சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். 15 மி.மீ. அகல இணைப்பில் அவசரம் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு தரையிலும் 10 மி.மீ. ஃபோம் ஷீட் விரித்துத் தொட்டியை வைத்தோம். நல்ல நீரை நிரப்பினேன். சோதனைக்கு உப்புநீர் தேவையில்லை, எடை வித்தியாசம் மிகக் குறைவு.

இரண்டு நாள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலை, கபோர்டுக்குள் கையை விட்டு உள்மூலையின் வலதுகோடியில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றியெடுத்தபோது ஈரமாக வந்தது. சொட்டவில்லை, வியர்த்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் மூன்று நாளில் வியர்க்கும் இணைப்பு மூன்று மாதத்தில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. பாதியாவது பார்ப்போமே என்று காத்திருக்காமல் அன்றே முழுவதும் வடித்தேன்.

தொட்டிக்காரர் வந்து பார்த்தார். சிலிக்கானைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேரே ஸ்டாண்டுக்குள் தலையை விட்டு, இரும்பு ஸ்கேலை நிறுத்தி அளந்துவிட்டு, "ஒட்டு போகல சார், இழுபட்டிருக்கு. வலது பக்கம் மேடை தூக்கலா இருக்கு பாருங்க" என்றார்.

அளந்ததில் இடதுகோடியில் படி உயரம் 450 மி.மீ., வலதுகோடியில் 452. வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டதில் வந்த வித்தியாசம். கசிந்ததும் வலதுகோடிதான். ஆனால் இரண்டு மில்லிமீட்டரை 10 மி.மீ. ஃபோம் விழுங்கிக்கொள்ளாதா? அந்தக் கேள்வியில்தான் என் பெரிய தவறு ஒளிந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஃபோம் அழுந்துவது அதன் மேல் இருக்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. ஆழ்பகுதித் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 769 கிலோ. மேடைத் தரையில் 308 கிலோ. ஒரே ஃபோம், ஒரே தடிமன், ஆனால் ஒன்றின் மேல் இரண்டரை மடங்கு சுமை. ஆழ்பகுதி அதிகமாக இறங்கத்தான் செய்யும். அகற்றிய ஃபோமை அளந்தபோது ஆழ்பகுதியினுடையது 7 மி.மீ. ஆகச் சப்பியிருந்தது, மேடையினுடையது 9. அதாவது ஸ்டாண்ட் துல்லியமாக இருந்திருந்தாலும், நான் பாதுகாப்புக்கென்று விரித்த ஃபோமே உள்மூலையை 2 மி.மீ. இழுத்திருக்கும். வலதுகோடியில் இரண்டும் சேர்ந்து 4. சாதாரணத் தொட்டிக்கு நல்லது செய்யும் ஒரு பழக்கம் இங்கே நேர் எதிராக வேலை செய்தது.

மறுபடி

பழைய சிலிக்கான் மேல் புதிது ஒட்டாது. வெளியே ஒரு பூச்சு பூசிவிட்டால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. உலர்ந்த காகிதம் சில வாரம் மனதை ஆற்றும், இணைப்பு ஆறாது. பியானோ கம்பியால் மேடைத்தளத்தின் ஒட்டு முழுவதையும் அறுத்து, பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துப் புதிதாக ஒட்டினோம். கூடவே சுவரின் பின்முகத்தில், மேல்விளிம்போடு சமமாக, 5 செ.மீ. உயரக் கண்ணாடிப் பட்டை ஒன்றை நீளவாக்கில் ஒட்டினோம். மேடைத்தளம் இப்போது 15 மி.மீ. விளிம்பின் மீதல்ல, 30 மி.மீ. மேல் உட்காருகிறது. இது தொட்டிக்காரர் சொன்ன யோசனை.

தாங்குதளத்துக்கான வழி, தவறைக் கண்டுபிடித்த அதே கணக்கிலிருந்துதான் வந்தது. ஆழ்பகுதியை மட்டும் மேடை மட்டம் வரை, அதாவது 45 செ.மீ. நிரப்பினால், அதன் தரையில் சதுர மீட்டருக்கு 461 கிலோ சுமை ஏறிவிடும். மேடையில் இன்னும் சுமை இல்லை. அதற்கு மேல் ஊற்றும் 30 செ.மீ. நீர் இரண்டு தரையிலும் ஒரே அளவு, 308 கிலோ, கூட்டும். அதாவது சமமில்லாத இறக்கம் முழுவதும் முதல் 45 செ.மீ. நிரம்பும்போதே நடந்து முடிகிறது. அந்த இறக்கம் முடிந்த பிறகு மேடைக்குத் தாங்கல் கொடுத்தால், அதன்பின் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

அப்படியே செய்தோம். ஃபோமைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு தரைக்கும் 3 மி.மீ. கெட்டி ரப்பர் ஷீட். ஸ்டாண்டின் மேடைப் பலகையை 15 மி.மீ. கீழே இறக்கி வைத்து, தொட்டியின் மேடைப் பகுதியை மர ஆப்புகளில் நிறுத்தினோம். ஆழ்பகுதியில் 216 லிட்டர் ஊற்றி இரண்டு நாள் விட்டோம். பிறகு பலகையைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, பாலிதீன் விரித்து, அந்த 15 மி.மீ. இடைவெளியில் சுருங்காத கிரௌட்டை (சிமெண்ட் கலவையை) நீர்க்கக் கரைத்துக் குழாய் வழியாக ஊற்றினோம். சுவர் ஓரத்தில் 6 செ.மீ. கிரௌட் போகாமல் காலியாக விட்டோம், பிற்பாடு உள்மூலையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமே என்று. கிரௌட் தானாகவே இரண்டு மில்லிமீட்டர் கோணலையும் வாங்கிக்கொண்டது. ஏழு நாள் கழித்து ஆப்புகளை உருவி, மீதி 30 செ.மீ. நிரப்பினேன். மூன்று வாரம் நிறுத்திப் பார்த்தேன். காகிதம் உலர்ந்தே வந்தது.

ஸ்டாண்டின் முகப்பை ஆழ்பகுதி மறைத்துவிடும்

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முன்பக்கம் கதவு வைக்க வழியில்லை. சம்ப், அதாவது நீரைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி, மேடைக்கு அடியில்தான் இருக்க முடியும், அங்கே போக ஒரே வாசல் பக்கவாட்டுதான். என் சம்ப் 100 செ.மீ. நீளம். அதை எப்போதாவது வெளியே எடுக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும். தொட்டியை அறையின் மூலையோடு ஒட்டி வைக்கும் எண்ணத்தை இதற்காகவே கைவிட்டேன்.

மின்சாரம் நின்றால் சம்புக்குத் திரும்பும் நீரின் கணக்கையும் கவனியுங்கள். நீர்ப்பரப்பு 120க்கு 90 செ.மீ. ஒரு செ.மீ. இறங்கினால் 10.8 லிட்டர். நீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ வாயின் பல் 3 செ.மீ. என்றால் 32 லிட்டர். சம்பில் அதற்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். சம்பிலிருந்து நீரைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயைப் பள்ளத்தின் அடியில் திறக்கும்படி வைத்திருப்பவர்கள் நீர்மட்டத்தை ஒட்டி அதில் ஒரு சிறு துளை போட மறக்கக் கூடாது. துளை இல்லையென்றால் குழாய் சைஃபனாக மாறி, சம்ப் வழிந்து வீடு நனையும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நீரோட்டமும் வெளிச்சமும்

ஓவர்ஃப்ளோ மேடையின் பின்சுவரில். இரண்டு அலை பம்ப்புகளையும் மேடையில் வைத்தேன். மேலே கடல்போல் அலையடித்தது. ஆழ்பகுதி குளம்போல் நின்றது. நீர் மேல்மட்டத்திலேயே சுற்றி ஓவர்ஃப்ளோவுக்குள் போய்விடுகிறது, பள்ளத்தில் விழுந்த கழிவு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. நான்காவது மாதம், கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40 பி.பி.எம். அளவைத் தொட்டது. நீண்ட கிடுக்கியால் மணலைக் கிளறினால் பழுப்பு மேகம் எழும்பியது.

ரிட்டர்ன் குழாயைப் பாறைக்குப் பின்னால் மறைத்துப் பள்ளத்தின் அடிவரை இறக்கி, துளையிட்ட குழாயாக நீளவாக்கில் படுக்க வைத்தேன். ஒரு பம்ப்பை ஆழ்பகுதியின் பக்கக் கண்ணாடியில் அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்கு மாற்றினேன். சம்பிலிருந்து வரும் சுத்தமான நீர் அடியில் வெளிப்பட்டு, சுவரை ஒட்டி மேலெழுந்து, விளிம்பைத் தாண்டி மேடை மேல் படர்ந்து ஓவர்ஃப்ளோவுக்குப் போகிறது. இயற்கைச் சுவரிலும் நீர் இப்படி ஏறுவதுண்டு. மூன்று மாதத்தில் நைட்ரேட் 10க்கு வந்தது. அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது வேறு: அதுவரை பின்மூலையில் பதுங்கியிருந்த ஆந்தியஸ்கள் விளிம்புக்கு வந்து, மேலெழும் நீருக்கு முகம் காட்டி நிற்கத் தொடங்கின.

வெளிச்சத்துக்கு இரண்டு வரிசை எல்.ஈ.டி. மேடைக்கு நேர்மேலே ஒன்று, ஆழ்பகுதிக்கு மேலே குறைந்த ஒளியில் நீலம் தூக்கலாக மற்றொன்று. மேடையில் பார் (PAR, பவளம் பயன்படுத்தும் ஒளியின் அளவு) 300-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன், அக்ரோபோரா வகைப் பவளங்கள் அங்கே. பள்ளத்து மணலில் 50 வந்தால் போதும். சுவரை வெறும் கண்ணாடியாக விடக் கூடாது. அதைத் துடைக்கக் கை எட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்காது. உலர்ந்த பாறைத் துண்டுகளை எப்பாக்ஸியால் ஒன்றோடொன்று ஒட்டி, அடியிலிருந்து மேடை வரை தானே நிற்கும் ஒரு திரையாகக் கட்டி நிறுத்தினேன். கண்ணாடியில் ஒட்டவில்லை. மேடை விளிம்பில் பாறையை 8 செ.மீ. வெளியே நீட்டிவிட்டதில் அதன் அடியில் இயற்கையான இருட்டு கிடைத்தது. ஒளி தேவைப்படாத சூரியப் பவளம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வாரம் நான்கு முறை பைப்பெட்டால் உணவு கொடுக்க வேண்டும். அந்த நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் அதை வாங்க வேண்டாம்.

மீன்கள்

செங்கடல் சுவரை மனதில் வைத்தே தேர்ந்தேன். ஒரு ஆண், ஆறு பெண் ஆந்தியஸ். சிற்றுயிர் தின்னும் மீன்கள் என்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக உணவு. ஓராண்டுக்குப் பிறகு ஆண் இறந்தது. கூட்டத்தின் பெரிய பெண் சில வாரங்களில் நிறம் மாறி, முதுகுத் துடுப்பில் நீண்ட முள் வளர்த்து ஆணாகிவிட்டது. இந்த இனத்தின் இயல்பு அது. ஆர்க்கிட் டாட்டிபேக் ஜோடி ஒன்றும் உண்டு. செங்கடலில் மட்டுமே வாழும் கருஞ்சிவப்பு ஊதா மீன், செங்குத்துச் சுவரிலும் பாறை நீட்டலின் அடியிலும் வசிப்பது.

மேடைத்தரை அறைத்தரையிலிருந்து 95 செ.மீ., பள்ளத்தின் அடி 50 செ.மீ. உயரத்தில். நின்றால் மேடையும், உட்கார்ந்தால் பள்ளமும் பார்க்க வாகாக இருக்கும். வேலை செய்ய முக்காலி ஏறி, தோள்வரை கையை விட்டாலும் அடி எட்டாது. பள்ளத்தில் எதை வைத்தாலும் கிடுக்கியால் எடுக்க முடிகிற அளவில் வையுங்கள்.

சொல்லிச் செய்ய வைக்கப் போகிறவர் யாரேனும் கேட்டால் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி கண்ணாடித் தடிமன் அல்ல. தொட்டியும் ஸ்டாண்டும் ஒரே கையில் ஆகிறதா, இரண்டு தரைகளையும் நீர் ஏற்றிய நிலையில் யார் ஒத்துப் பார்ப்பார்கள், உள்மூலையில் எந்தக் கண்ணாடி எதன் மேல் உட்காருகிறது என்று கேளுங்கள். படம் வரைந்து காட்டாமல் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவரிடம் சாதாரணத் தொட்டி வாங்குங்கள், டிராப்-ஆஃப் வேண்டாம்.

மாதம் ஒருமுறை பக்கவாட்டுக் கதவைத் திறந்து, காலியாக விட்ட அந்த 6 செ.மீ. இடைவெளியில் விரலை விட்டு, உள்மூலை நெடுகக் காகிதத்தை ஒற்றுகிறேன். டாட்டிபேக் ஜோடியின் பொந்து பாறைத் திரைக்குள், அதே வலதுகோடியில், கண்ணாடிக்கு மறுபுறம் இருக்கிறது. போன மாதம் அங்கே ஆண் மீன் முட்டை உருண்டையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.